எரிச்சல் நின்றுவிட்டால் குணமா? சர்க்கரையும் கால் நரம்புகளும்

என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பதினாறு வருடம் இருக்கும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் வீடு. நாலைந்து வருடங்களுக்கு முன்பு உள்ளங்கால் எரிச்சல் ஆரம்பித்தது. ராத்திரி ஆனால் போதும், தணலில் காலை வைத்த மாதிரி எரியும் என்பார். ஈரத்துண்டைப் பாதத்தில் சுற்றிக்கொண்டு படுப்பார். போர்வை நுனி பட்டால்கூடக் காலை உதறுவார். காற்றாடிக்கு நேராகக் காலை நீட்டிக்கொண்டு விடியும் வரை புரண்ட நாட்கள் எத்தனையோ.

அப்புறம் ஒரு பொங்கலுக்குப் போனபோது, "எரிச்சல்லாம் போயிடுச்சுப்பா, சரியாயிடுச்சு" என்றார். எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அந்தச் சித்திரைப் பௌர்ணமிக்கு எட்டுக்குடி முருகன் கோவிலுக்குப் போனார். நல்ல வெயில், வெறுங்கால். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் பார்த்திருக்கிறார். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். வலது காலில் தோல் உரிந்து சதை தெரிகிறது. அவருக்கு ஒரு துளி வலி இல்லை. தரையில் ஈரக்கறை தெரிந்து குனிந்து பார்த்ததால்தான் விஷயமே தெரிந்தது.

எரிச்சல் நின்றதற்குக் காரணம், எரிகிறது என்று சொல்ல வேண்டிய நரம்பே செத்துப்போனதுதான். இது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் புரிந்திருக்கவில்லை. வலி குறைந்தால் நோய் குறைகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சர்க்கரை நோயில் கால் விஷயத்தில் மட்டும் அந்தக் கணக்கு பல நேரம் தலைகீழாகிவிடுகிறது. ஒரே நோய் ஒரு கட்டத்தில் போர்வை பட்டாலே துடிக்க வைக்கிறது, இன்னொரு கட்டத்தில் கொதிக்கும் தரையைக்கூட உணரவிடாமல் செய்கிறது. இது எப்படி நடக்கிறது என்பதைத்தான் எனக்குப் புரிந்த வரையில் எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நாம் பேச்சில் ரத்தக்குழாயையும் நரம்பு என்றுதான் சொல்கிறோம். "கையில நரம்பு புடைச்சிருக்கு", "நரம்புல ஊசி போட்டாங்க" என்றெல்லாம் சொல்லும்போது உண்மையில் பேசுவது ரத்தக்குழாயைப் பற்றி. இந்தக் கட்டுரையில் நரம்பு என்றால், உணர்வையும் கட்டளையையும் மூளைக்கும் உடம்புக்கும் இடையே கொண்டுபோகிற இழை மட்டும்தான்.

கடைமடை

நரம்பு என்றதும் மின்சார ஒயர் ஞாபகம் வரும். பாதி சரி. ஆனால் ஒயருக்குச் சாப்பாடு போட வேண்டியதில்லை. நரம்பு உயிருள்ள செல். கால் பெருவிரல் நுனியில் சூட்டை உணரும் செல்லின் உடல், இடுப்புக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. மணல் துகளைவிடச் சிறியது. அதிலிருந்து வால் மாதிரி ஓர் இழை கிளம்பி, தொடை, முழங்கால், கெண்டைக்கால் எல்லாம் தாண்டிப் பாதம் வரை வருகிறது. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். உடம்பின் மிக நீளமான செல்களில் இதுவும் ஒன்று.

இழையின் நுனிக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி அந்தக் குட்டிச் செல் உடலில்தான் தயாராகிறது. அங்கிருந்து இழைக்குள்ளேயே நகர்ந்து நகர்ந்து கால்விரலுக்கு வந்து சேர வேண்டும். வேகமாகப் போகும் சரக்கே ஒரு நாளில் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர்தான் நகரும். மெதுவான சரக்கு ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு சொல் போதும்: கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் அது கல்லணை வந்து, ஆறு ஆறாகப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி, கடைசியாகத்தான் எங்கள் ஊர் வயலுக்கு வரும். தண்ணீர் குறைந்த வருடத்தில் மேலே உள்ள வயல் விளையும், கடைமடை காயும். நரம்பு மண்டலத்துக்குக் கால்விரல் நுனிதான் கடைமடை. நரம்பின் உயிர்ச்சத்து எங்கே குறைந்தாலும் முதலில் காய்வது அந்த நுனி.

சர்க்கரை நோயில் மதமதப்பு ஏன் எப்போதும் கால்விரலில் தொடங்குகிறது, ஏன் இரண்டு காலிலும் ஒரே மாதிரி வருகிறது என்பதற்கு இதுதான் காரணம். விரலில் தொடங்கி, பாதம், கணுக்கால் என்று காலுறை போட்டது போல மேலே ஏறும். முழங்கால் அளவுக்கு வந்த பிறகுதான் பெரும்பாலும் கைவிரல் நுனியில் தொடங்கும். ஒரு காலில் மட்டும் மரத்துப்போனால் அது முதுகுத்தண்டுப் பிரச்சினையாகவோ வேறு எதுவாகவோ இருக்கலாம். உடனே சர்க்கரை மேல் பழியைப் போட்டுவிடக் கூடாது.

சர்க்கரை உள்ளே புகுந்து என்ன செய்கிறது

தசைக்கும் கொழுப்புக்கும் ரத்தத்திலிருந்து சர்க்கரை போக வேண்டுமென்றால் இன்சுலின் வந்து வாசலைத் திறக்க வேண்டும். நரம்புக்கு அந்தக் காவல் கிடையாது. இன்சுலின் உத்தரவுக்குக் காத்திராமல் சர்க்கரை உள்ளே போய்விடும். நல்ல நாளில் இது வசதி, ஏனென்றால் நரம்பு பட்டினி கிடக்கக் கூடாது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை 300 என்று நிற்கும்போது, தசை கதவைச் சாத்திக்கொள்கிறது. நரம்பால் சாத்த முடியாது. வெளியே ஏறினால் உள்ளேயும் ஏறும்.

உள்ளே வந்த சர்க்கரை வழக்கமான வழியில் எரிந்து சக்தியாகும். மிஞ்சியதை நரம்பு வேறொரு பக்க வழியில் தள்ளுகிறது. ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி அதைச் சார்பிட்டால் ஆக்குகிறது. சர்க்கரை இல்லாத மிட்டாய்களில் இனிப்புக்குப் போடுகிறார்களே, அதே பொருள்தான். சார்பிட்டால் செல்லைவிட்டு எளிதில் வெளியேறாது. அதைவிடப் பெரிய கேடு, இந்த மாற்றத்துக்கு ஒரு துணைப்பொருள் செலவாகிறது. செல்லில் உண்டாகும் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் கழிவைத் துடைக்கும் குளுட்டாதயோனைப் புதுப்பிக்கவும் அதே துணைப்பொருள்தான் வேண்டும். சர்க்கரையைச் சமாளிக்கவே அது தீர்ந்துபோனால் வீடு துடைக்க மிச்சமிருக்காது. கழிவு சேர்கிறது, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா கெடுகிறது.

இன்னொரு கெடுதல் நம் சமையலறையில் தினமும் பார்ப்பது. பாலைச் சுண்டக் காய்ச்சினால் திரட்டுப்பால் பழுப்பாகிறது. பாலில் உள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் நிறம் அது. அதே வேலை 37 டிகிரி உடம்புச் சூட்டிலும் நடக்கும், ஆனால் மிக மெதுவாக. ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் வேகம் கூடும். மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் எடுக்கும் எச்பிஏ1சி பரிசோதனை அளப்பதே இதைத்தான். ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தின் மேல் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு அது. 8 என்று சீட்டில் வந்தால், நரம்பின் புரதங்களிலும் நரம்பைச் சுற்றியுள்ள உறைகளிலும் அதே மாதிரி ஒட்டல் நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் நான் இப்போதெல்லாம் படிக்கிறேன். சிவப்பணு நாலு மாதத்தில் போய்ப் புதிது வந்துவிடும். நரம்பு செல்லுக்கு அந்த வசதி இல்லை. பிறந்தபோது இருந்ததேதான் கடைசி வரை.

மூன்றாவதாக, நரம்புக்கே ரத்தம் கொடுக்க மயிரிழை போன்ற குழாய்கள் உண்டு. சர்க்கரையில் அவற்றின் சுவர் தடித்து, உள்வழி குறுகும். கடைமடையில் ஏற்கெனவே தண்ணீர் குறைவு, வாய்க்காலும் தூர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இதில் புகைப்பழக்கமும் உயர் ரத்த அழுத்தமும் ரத்தத்தில் கொழுப்பும் சேர்ந்தால் அந்தக் குழாய் இன்னும் சீக்கிரம் அடையும். சர்க்கரை அளவு கட்டுக்குள் இருந்தும் சிலருக்குக் கால் மரத்துப்போவதற்கு இவையும் காரணம்.

வலியும் மரத்துப்போதலும்

கால் விரலை வாசற்படியில் இடித்துக்கொண்ட அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். இடித்த கணமே "இடித்துவிட்டோம்" என்று தெரிகிறது. சுரீரென்று ஒரு வலி. அது முடிந்து ஒரு விநாடி கழித்துத்தான் அந்த அடிவயிற்றைக் கலக்கும் ஆழமான வலி மெதுவாக ஏறி வரும். மூன்றும் மூன்று விதமான இழைகளில் வருகின்றன. தொடுதல், அதிர்வு, கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு இவை தடித்த இழைகளில் விநாடிக்கு ஐம்பது மீட்டர் வேகத்தில்கூட ஓடும். சுரீர் வலி கொஞ்சம் மெல்லிய இழையில் வரும். ஆழமான வலியும் சூடும் உறையே இல்லாத மிக மெல்லிய இழைகளில், விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் என்ற நடை வேகத்தில் வருகின்றன.

சர்க்கரையில் பல பேருக்கு முதலில் அடிபடுவது இந்த மெல்லிய இழைகள். அடிபட்ட இழை ஒரேயடியாகச் செத்துவிடுவதில்லை, அதுதான் தொல்லை. காயப்பட்ட நுனி, யாரும் தொடாமலே செய்தி அனுப்பத் தொடங்குகிறது. சாதாரணமாக ஒரு நரம்பு எப்போது துடிக்க வேண்டும் என்பதை அதன் மேல்சவ்வில் உள்ள சோடியம் வாசல்கள் தீர்மானிக்கின்றன. சர்க்கரை மிகுதியில் உண்டாகும் மெதில்கிளையாக்சால் என்ற பொருள் இந்த வாசல்களில் ஒரு வகையைத் தொட்டு மாற்றி, சின்னத் தூண்டலுக்கே திறக்க வைக்கிறது என்று 2012-ல் ஓர் ஆய்வு காட்டியது. வாசல் சும்மா சும்மா திறந்தால் நரம்பு சும்மா சும்மா கத்தும். எரிச்சல், ஊசி குத்தல், எறும்பு ஊர்வது, திடீரென்று கரண்ட் அடித்த மாதிரி வெட்டுவது எல்லாம் அந்தக் கத்தல்தான். காலில் நெருப்பு இல்லை. ஆனால் நெருப்புச் செய்தி கொண்டுபோகும் இழையில் செய்தி ஓடுகிறது, மூளை அதை நம்புகிறது. வேறு என்ன செய்யும்?

இது நாள்பட்டு நடந்தால் முதுகுத்தண்டும் மாறிவிடுகிறது. ஓயாமல் வரும் செய்தியைக் கேட்டுக் கேட்டு, அது ஒலியைக் கூட்டி மேலே அனுப்பத் தொடங்கும். அப்போது தொடுதல் செய்திகூட வலியாக மாறிப் போய்ச் சேரும். பெரியம்மா போர்வையை உதறியது இதனால்தான். வீட்டில் நாங்கள் "சும்மா பட்டதுக்கு இப்படியா" என்று நினைத்தது எவ்வளவு தப்பு என்று இப்போது நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. அவருக்கு அது நிஜமான வலி. ராத்திரியில் கூடுவதும் கற்பனை இல்லை. பகலில் நடையும் வேலையும் பேச்சும் மூளையின் கவனத்தை இழுத்துக்கொள்கின்றன. படுத்த பிறகு அது மட்டும்தான் மிச்சம்.

இப்போது பழைய வீட்டு ஒயரை நினைத்துக்கொள்ளுங்கள். உறை தேய்ந்த ஒயரில் பல்பு மங்கலாக எரியும், அதே ஒயரில் தொட்டால் ஷாக்கும் அடிக்கும். இரண்டும் ஒரே தேய்மானம். அதே போல ஒரே பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் சேர்ந்தே இருக்கலாம். மருத்துவர் குண்டூசி முனையால் தொடுவது தெரியாத பாதம், இரவெல்லாம் எரியலாம். "எரியுதுங்கிறீங்க, குத்துனா தெரியலைங்கிறீங்க" என்று யாராவது சந்தேகப்பட்டால் அவர்களுக்கு இந்த ஒயரைச் சொல்லுங்கள்.

தேய்மானம் முற்றினால் இழை நுனி பின்வாங்கிச் செத்துவிடும். கத்துவதற்கும் ஆள் இல்லை. அப்போது எரிச்சல் தானாக நிற்கும். சர்க்கரை அளவை நன்றாகக் குறைத்து, நரம்பு தேறியும் எரிச்சல் நிற்கலாம்தான். இரண்டில் எது என்று நாமாகச் சொல்ல முடியாது. கூடவே "பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு" என்றாலோ, செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நாலு அடி நடந்து வந்தாலோ, எரிச்சல் நின்றது நல்ல செய்தி அல்ல.

எரிச்சலே வராமல் நேராக மரத்துப்போகிறவர்களும் நிறைய. அவர்களுக்கு முன்னறிவிப்பே கிடையாது. சர்க்கரை உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த நரம்புச் சேதம் வருகிறது என்பது உலகெங்கும் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எத்தனை கால்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்று சர்க்கரை ஏறினால் இன்றே வலி கூடுமா?

பலர் கேட்கும் கேள்வி இது. "நேத்து கல்யாண வீட்டுல ஸ்வீட் சாப்பிட்டேன், ராத்திரி கால் எரிஞ்சுது" என்று சொல்பவர்கள் உண்டு. 1984-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு ரத்தக்குழாய் வழியாகக் குளுக்கோஸ் ஏற்றி, வலி தாங்கும் அளவைப் பார்த்தார்கள். குளுக்கோஸ் ஏறிய பிறகு அவர்கள் குறைந்த தூண்டலையே வலி என்றார்கள், தாங்கும் சக்தியும் குறைந்தது. பின்னால் வந்த சோதனைகள் எல்லாமே இதை உறுதி செய்யவில்லை. அதனால் ஒரு வேளை இனிப்புக்கும் ஒரு ராத்திரி எரிச்சலுக்கும் நேர்க்கோடு போட நான் தயங்குவேன். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஏறி நின்ற சர்க்கரைதான் நரம்பை அரிக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒன்று எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. நெடுநாள் உயரத்தில் இருந்த சர்க்கரையைத் திடீரென்று, வேகமாகக் குறைத்தாலும் கால் எரியத் தொடங்கலாம். 1933-லேயே இதைக் கவனித்து இன்சுலின் நரம்பழற்சி என்று பெயர் வைத்தார்கள், ஆனால் இன்சுலின்தான் காரணம் என்றில்லை. மாத்திரையாலோ கடும் உணவுக் கட்டுப்பாட்டாலோ குறைந்தாலும் வரும். எச்பிஏ1சி மூன்று மாதத்தில் 2 புள்ளிக்கு மேல் சரிந்தவர்களிடம் இது அதிகம். 12-ல் இருந்தவர் வைராக்கியத்தோடு 8-க்குக் கொண்டுவருகிறார், பரிசாகக் கால் எரிகிறது. "மருந்துதான் ஆகவில்லை" என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார். அப்படி நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அந்த வலி மாதங்களில் தணிந்துவிடும். மருத்துவரிடம் சொல்லி வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், சிகிச்சையை விடக் கூடாது.

கொல்லிமலையில் பிறந்த ஒரு மருத்துவர்

வலி போனால் உடம்புக்கு என்ன ஆகும் என்பதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் நம் ஊரில் பிறந்தவர், நம் ஊரில்தான் அதைக் கண்டார். பால் பிராண்ட், 1914-ல் கொல்லிமலையில் ஆங்கிலேய மிஷனரிகளின் மகனாகப் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.யில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகளைக் கூடவே இருந்து பார்த்தார். தொழுநோய்க் கிருமி நரம்பைத்தான் கொல்கிறது. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தை அப்படியே பிடிக்கிறார்கள், காலில் ஆணி ஏறினாலும் நடக்கிறார்கள். ராத்திரி தூங்கும்போது எலி வந்து விரலைக் கடித்ததுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. விரல் போனது கவனிக்கப்படாத காயங்களால்.

1960-களில் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற இடத்திலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால் புண்களைப் பார்த்தபோது, வேலூரில் பார்த்த அதே புண், அதே இடம், அதே காரணம் என்று கண்டுகொண்டார். தொழுநோய்க்காகக் கற்ற பாடம் அப்படியே சர்க்கரைக் காலுக்கு வந்தது. இன்று மருத்துவர்கள் பாதத்தில் தொட்டுப் பார்க்கும் மெல்லிய நைலான் இழை, 10 கிராம் அழுத்தத்தில் வளையும், அந்த வழியில் வந்ததுதான். அது தொடுவது தெரியவில்லை என்றால், காலைக் காக்கும் உணர்வு போய்விட்டது என்று கணக்கு. அந்தக் காலத்தில் வேலூர், கரிகிரி பக்கம் தொழுநோயாளிகளுக்காகச் செய்த மெத்தென்ற ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை உள்ளவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு என்று எழுதிக்கொடுக்கிறார்கள். சாதாரண ரப்பர் செருப்பில் முள் ஏறும், ஓரிடத்தில் அழுத்தும். இது அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பும். பெரியம்மா "தொழுநோய்க்காரங்க போடுற செருப்பு" என்று முதலில் போட மறுத்தார். யாராவது உங்கள் வீட்டில் அப்படிச் சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

மரத்துப்போவது தோலோடு நிற்பதும் இல்லை. வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பும் சாகும். பாதம் வியர்க்காமல் காய்ந்து, பித்தவெடிப்பு ஆழமாகும், கிருமி அதன் வழியாகப் போகும். இதயத்திலிருந்து வலிச் செய்தி கொண்டுவரும் நரம்பு கெட்டால் நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். சர்க்கரை உள்ளவருக்குத் திடீரென்று மூச்சு வாங்கினாலோ, காரணமில்லாமல் வியர்த்து அசதியானாலோ "நெஞ்சு வலிக்கலையே" என்று வீட்டில் உட்காராதீர்கள். இதைப் பத்து பேருக்குச் சொன்னாலும் தகும்.

மருந்து, மிளகாய், பி12

எரிச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போடுவது நம் பழக்கம். டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைகள் வீக்கத்துக்கும் மூட்டுக்கும் உதவும், நரம்பு வலியில் பெரிதாக ஒன்றும் செய்யாது. சர்க்கரையால் ஏற்கெனவே சிரமப்படும் சிறுநீரகத்துக்குக் கெடுதல் மட்டும் மிஞ்சும். நரம்பு வலிக்கு மருத்துவர்கள் தருவது வேறு வகை: பிரிகாபலின், கபாபென்டின், டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின். இவை நரம்பின் கத்தலையோ முதுகுத்தண்டு ஒலியைக் கூட்டுவதையோ அடக்குகின்றன. டுலாக்செட்டினும் அமிட்ரிப்டிலினும் மனச்சோர்வுக்கும் தருகிற மருந்துகள். சீட்டைத் தேடிப் பார்த்து "எனக்கு மனநோய் மாத்திரை கொடுத்துட்டாங்க" என்று பயப்பட வேண்டாம். இவற்றில் எதுவும் செத்த இழையை உயிர்ப்பிக்காது, ராத்திரி தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும். அது சின்ன விஷயமில்லை.

மிளகாய்க்கும் இதில் பங்கு உண்டு. சூட்டை உணரும் மெல்லிய நரம்பு நுனியில் ஒரு வாசல் இருக்கிறது. 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அது திறக்கும். மிளகாயின் கேப்சைசினும் அதே வாசலைத்தான் திறக்கிறது. அதனால்தான் காரம் சாப்பிட்டால் "வாய் எரியுது" என்கிறோம். வாயில் சூடு இல்லை, சூட்டின் வாசல் திறந்திருக்கிறது. இந்த வாசலை 1997-ல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசு பெற்றார். கேப்சைசினை அளவாகத் தோலில் வைத்தால் முதலில் எரிந்து, பிறகு அந்த நுனிகள் ஓய்ந்து, வலிச் செய்தி குறைகிறது. அதன் 8 சதவீத ஒட்டுப்பட்டையைச் சர்க்கரைக் கால் வலிக்கு அமெரிக்கா 2020-ல் அனுமதித்தது. மருத்துவமனையில், கண்காணிப்பில் ஒட்டுவது அது. வீட்டில் மிளகாய்த்தூளைக் குழைத்து உணர்வில்லாத காலில் தடவிப் பார்க்க வேண்டாம், புண்ணாகிவிடும்.

எல்லாக் கால் மதமதப்பும் சர்க்கரையால் வந்தது என்றும் இல்லை. மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். சைவம் மட்டும் சாப்பிட்டால் அந்த வாய்ப்பு கூடுதல். பி12 குறைவிலும் இதே மதமதப்பு, இதே எரிச்சல் வரும். வித்தியாசம், அதைச் சரிசெய்ய முடியும். மாத்திரையை நிறுத்தாமல், பி12 அளவை ஒரு முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டும் மதுவும்கூட இந்தப் பட்டியலில் உண்டு.

போன நரம்பு திரும்ப வருமா? செல் உடல் உயிரோடு இருந்தால் இழை மறுபடி வளரப் பார்க்கும். எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வேகம். பாதத்தின் மேல்தோலில் மட்டும் நுனி பின்வாங்கியிருக்கும்போது பிடித்துவிட்டால் நம்பிக்கை உண்டு, கெண்டைக்கால் வரை போன பிறகு கஷ்டம். அதனால்தான் தடுப்பதே பெரிய விஷயம். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகைச் சர்க்கரை (உடம்பில் இன்சுலின் ஏறக்குறைய சுரக்கவே சுரக்காத வகை) உள்ள 1,441 பேரைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 1993-ல் வந்தது. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் நரம்புச் சேதம் 60 சதவீதம் குறைவாக இருந்தது. நம்மில் பெரும்பாலானோருக்கு இருக்கும் இரண்டாம் வகையில் பலன் அந்த அளவு இல்லை. அங்கே ரத்த அழுத்தம், எடை, கொழுப்பு, புகை எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காலைப் பார்ப்பது

வலி சொல்ல வேண்டியதைக் கண் சொல்ல வேண்டியிருக்கிறது. தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட. குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் வீட்டில் ஒருவர் பார்க்கலாம். செருப்பு, ஷூ போடும் முன் தலைகீழாகத் தட்டுங்கள். கால் கழுவும் வெந்நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள், காலால் பார்க்காதீர்கள். கால் ஆணியை பிளேடால் சீவ வேண்டாம். கோவிலுக்கு வெயிலுக்கு முன்பே போய்விடுங்கள், அனுமதிக்கும் இடத்தில் தடித்த காலுறை போடுங்கள். பாதயாத்திரை வேண்டுதல் இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரிடம் கால் உணர்வைப் பார்த்துக்கொள்ளுங்கள். வலிக்காத புண்தான் அதிகம் பயப்பட வேண்டிய புண்.

நைலான் இழை இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரில் உருவானது. கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆட்காட்டி விரல் நுனியால் அவர் கால்விரல் நுனியை மெதுவாக, ஒன்றிரண்டு விநாடி தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல். மொத்தம் ஆறு இடம். தொட்டது தெரிந்தால் அவர் சொல்ல வேண்டும். ஒரு விரலை இரண்டாம் முறை தொட்டுப் பார்க்கக் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கலாம்.

பெரியம்மாவின் புண் ஆற நாலு மாதம் ஆனது. ஆறிய பிறகு ஒரு நாள் மத்தியானம் கூடத்தில் பாயில் படுக்கவைத்து இதைச் செய்து பார்த்தேன். வலது காலில் மூன்று விரலையும் தொட்டேன், பேசாமல் இருந்தார். "இன்னும் ஆரம்பிக்கலையாப்பா?" என்று கேட்டார். "ஆரம்பிச்சாச்சு பெரியம்மா" என்றேன். இடது காலின் பெருவிரலைத் தொட்டபோது மட்டும் "ம்" என்றார்.